ஒசாகா கோட்டைப் படமும் ஒரு திருத்தமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஜப்பானின் 'துறவிப் படை', அதாவது அந்தக் காலத்தில் ஆயுதம் ஏந்திய புத்தக் கோயிலார், பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையை என் அப்பா படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். "நீ இருக்கிற ஊர்ப்பக்கம் நடந்த கதையாம்மா இது?" என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார். ஆமாம், நான் இருக்கிற ஊரிலேயே நடந்த கதைதான். ஒசாகாவுக்குத் தெற்கே, வகாயாமா மாவட்டத்தில், இவாதே என்ற சிறிய நகரத்தில் 12 ஆண்டுகளாக இருக்கிறோம். கட்டுரையில் இரண்டே வரியில் வந்துபோன நெகொரோஜி கோயில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். கல்யாணத்துக்கு முன் நான் பள்ளியில் வரலாறு நடத்தியவள். அப்பாவுக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுகொண்டே போனது, சரி, உங்களுக்கே அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் படத்தைச் சொல்கிறேன். வெள்ளைச் சுவரும் பச்சைக் கூரையுமாக, அகழிக்கு மேலே எழுந்து நிற்கும் ஒரு கோபுரத்தின் படத்தைப் போட்டு, 'துறவிப் படையினரின் ஒசாகாக் கோட்டை' என்று அடியில் எழுதியிருந்தது. அந்தக் கோபுரம் 1931இல் கான்கிரீட்டில் கட்டியது. உள்ளே அருங்காட்சியகம் இருக்கிறது, லிஃப்ட்டில் ஏறலாம். கீழே தெரியும் பெரிய கருங்கல் மதில் டோக்குகாவா ஆட்சியாளர்கள் 1620களில் எழுப்பியது. அதற்கும் அடியில், மண்ணுக்குள், டோக்குகாவாக்களுக்கு முன் நாட்டை ஆண்ட ஹிதெயோஷி 1583இல் தொடங்கிய கோட்டையின் மதில் புதைந்து கிடக்கிறது. 1959இல் துளையிட்டுப் பார்த்தபோதுதான் அப்படி ஒன்று இருப்பதே தெரியவந்தது. கட்டுரை பேசுகிற ஹொங்கான்ஜி மடம் இந்த மூன்றுக்கும் முந்தியது. கண்ணால் பார்க்க அதன் மதில் ஒன்றுகூட இன்று மிச்சமில்லை. பூங்காவுக்குள் ஒரு பைன் மரத்தின் அடிக்கட்டை மட்டும் வேலிபோட்டு வைத்திருக்கிறார்கள். மடத்தைத் தொடங்கிய ரென்னியோ தன் மேலாடையைத் தொங்கவிட்ட மரம் என்று ஊரார் சொல்கிறார்கள். கோபுரத்தைப் படமெடுக்கும் கூட்டத்தில் அந்தக் கட்டைப் பக்கம் யாரும் வருவதில்லை. நான் போனபோதெல்லாம் நான் மட்டும்தான் நின்றிருக்கிறேன்.

படம் மாறியது அச்சகத்தில் நேர்ந்த தவறாக இருக்கலாம், அதைப் பெரிதாக்க மாட்டேன். ஆனால் கட்டுரையின் அடிநாதமே 'புத்த பிக்குகள் மதவெறி பிடித்து வாளெடுத்தார்கள், நொபுநாகா என்ற தளபதி அவர்களை அடக்கி நாட்டை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்' என்று இருந்தது. இதை என்னால் விட்டுவிட முடியவில்லை. ஐந்நூறு அறுநூறு ஆண்டுகளில், வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு காரணங்களுக்காக ஆயுதம் எடுத்த மக்களையெல்லாம் ஒரே முகமூடிக்குள் அடைத்துவிட்டது அந்தக் கட்டுரை. 'துறவிப் படை' என்பதற்கு ஜப்பானியர் சொல்லும் 'சோஹெய்' என்ற சொல்லே அவர்கள் காலத்துச் சொல் இல்லை. எல்லாம் முடிந்து, நாடு அமைதியான எடோ காலத்தில் (1603–1868) புழக்கத்துக்கு வந்தது. அவர்கள் நாளில் 'தைஷு' என்பார்கள், கோயிலார் என்று பொருள் கொள்ளலாம். பிடிக்காதவர்கள் 'அகுசோ', அதாவது கெட்ட சாமியார் என்பார்கள்.

ஹியெய் மலையில் இருக்கும் என்ரியாகுஜியை எடுத்துக்கொள்வோம். 788இல் சைச்சோ என்ற துறவி தொடங்கிய கோயில் இது. ஆறு ஆண்டுகள் கழித்துக் கியோட்டோ தலைநகரானபோது, இந்த மலை நகருக்கு வடகிழக்கு மூலையில் அமைந்துவிட்டது. கெட்டது நுழைகிற திசை என்று அவர்கள் நம்பும் மூலை அது. தலைநகருக்கே காவல் இந்தக் கோயில்தான் என்று அரச குடும்பமும் பிரபுக்களும் நிலத்தை வாரி வாரி எழுதிவைத்தார்கள். காலப்போக்கில் அவை இறையிலி நிலங்களாகின. அரசு அதிகாரி வரி கேட்டு உள்ளே கால்வைக்க முடியாது. அதிகாரி வரமாட்டான் என்றால் எல்லைத் தகராறைத் தீர்க்க யார் வருவார்கள்? பக்கத்து நிலக்காரன் அறுப்பு நேரத்தில் அடியாட்களோடு இறங்கினால் யாரிடம் முறையிடுவது? கோயில் தன் ஆட்களைத் தானே வைத்துக்கொண்டது. படிக்கிற துறவிகள் ஒரு வகை. விளக்கேற்றி, பூப்பறித்து, சமைத்து, குத்தகை அரிசியை வசூலித்துக் கொண்டுவந்து சேர்க்கும் கோயில் ஆட்கள் இன்னொரு வகை. வாள் பிடித்தவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாம் வகையினர்.

இதைத் தடுக்க உள்ளே இருந்தவர்களே முயன்றிருக்கிறார்கள். கோயிலின் 18ஆம் தலைவர் ரியோகென் 970இல் 26 விதிகள் எழுதினார். ஆயுதம் வைத்துக்கொள்ளக் கூடாது, துணியால் முகத்தைச் சுற்றிக்கொண்டு திரியக் கூடாது என்பவை அவற்றில் இருக்கின்றன. பிற்காலத்தில் அவரையே 'துறவிப் படையைத் தொடங்கியவர்' என்று எழுதிவைத்தார்கள். உங்கள் கட்டுரையும் அதைத் திருப்பிச் சொல்லியிருந்தது. பாவம், தடுக்கப் பார்த்த மனிதர் அவர்.

மலையிலிருந்து இறங்கித் தலைநகருக்குள் அவர்கள் எப்போதும் வாளோடு மட்டும் வந்ததில்லை. அடிவாரத்து ஹியோஷி கோயிலின் சாமி சப்பரத்தைத் தோளில் சுமந்துகொண்டு வருவார்கள். கேட்டது கிடைக்காவிட்டால் சப்பரத்தை நடுத்தெருவில் இறக்கிவைத்துவிட்டு மலைக்குத் திரும்பிவிடுவார்கள். யார் அதைத் தொடுவது? 1177இல் அரண்மனைக் காவலர் விட்ட அம்பு சப்பரத்தில் தைத்துவிட்டது. கடைசியில் அம்பு விட்ட வீரர்கள்தான் சிறைக்குப் போனார்கள். 'கமோ ஆற்று வெள்ளம், பகடை, மலைச் சாமியார்கள், இந்த மூன்றும்தான் என் சொல் கேட்பதில்லை' என்று பேரரசர் ஷிராகாவா சொன்னதாக ஜப்பானியர் இன்றும் சொல்வார்கள். கடன் கொடுக்கல் வாங்கலும் மலையின் கையில்தான் இருந்தது. 1315ஆம் ஆண்டுக் கணக்கின்படி கியோட்டோவில் அடகு பிடித்துக் கடன் கொடுத்த 335 கிடங்குகளில் 280 இந்த மலைக்குக் கட்டுப்பட்டவை. இவ்வளவு சொத்துள்ள இடத்தில் ஆயுதம் இருந்ததற்கு மதவெறியைத் தேடிப் போக வேண்டியதில்லை.

அவர்களை நல்லவர்களாகக் காட்டவும் நான் வரவில்லை. தங்கள் சொந்தக் கிளையான மீதேரா கோயிலை 1081 தொடங்கிப் பலமுறை கொளுத்தியவர்கள் அவர்கள். 1536இல் கியோட்டோவுக்குள் புகுந்து நிச்சிரென் என்ற வேறொரு புத்தப் பிரிவின் 21 கோயில்களை எரித்தார்கள், நகரின் தென்பாதியும் சேர்ந்து எரிந்தது. கோபப்பட வேண்டிய இடத்தில் எனக்கும் கோபம் வருகிறது.

நாராவைப் பற்றி நீங்கள் எழுதாதது எனக்கு வருத்தம். இந்தியாவிலிருந்து போன போதிசேனர் 752இல் தூரிகை பிடித்துக் கண் திறந்துவைத்த தோதாய்ஜி பெரிய புத்தர் 1181 ஜனவரியில் உருகிப்போனார். நாராக் கோயிலார் அன்று அதிகாரத்தில் இருந்த தாய்ரா குலத்துக்கு எதிராக நின்றதற்காகப் படை வந்து வைத்த தீ அது. பிறகு சோகென் என்ற முதிய துறவி ஊர் ஊராகக் காணிக்கை திரட்டி மீண்டும் நிறுத்தினார். கோயில்கள் ஆயுதம் எடுத்ததால் கோயில்களுக்கே என்ன நேர்ந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று கிடையாது.

இனி ஒசாகா. இங்கேதான் கட்டுரை எனக்கு மிகவும் வலித்தது. என்ரியாகுஜியும் ஒசாகா ஹொங்கான்ஜியும் ஒன்றென்று நினைத்து, முகத்தை மூடிய, நீளக்காம்பில் வளைந்த வாள் பிடித்த சாமியார்களை ஒசாகாவிலும் நிறுத்திவிட்டீர்கள். ஹொங்கான்ஜிக்காரர்கள் பெரும்பாலும் துறவிகளே கிடையாது. அந்தப் பிரிவைத் தொடங்கிய ஷின்ரான் 13ஆம் நூற்றாண்டிலேயே கல்யாணம் செய்துகொண்டு பிள்ளை பெற்றவர். 'நமு அமிதா புத்சு' (அமிதா புத்தரைச் சரணடைகிறேன்) என்று நம்பிச் சொன்னால் போதும், உழவனோ மீனவனோ யாராயிருந்தாலும் கரையேறலாம் என்றார். மடத்தின் தலைமை அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும். கூட்டம் முழுக்கக் குடும்பஸ்தர்கள்.

அவர்கள் ஏன் கோட்டை கட்டினார்கள்? முன்பு தலைமை மடம் கியோட்டோவின் கிழக்கே யமாஷினாவில் இருந்தது. 1532இல் ரொக்காகு பிரபுவின் படையும் கியோட்டோவின் நிச்சிரென் பிரிவு நகரத்தாரும் சேர்ந்து வந்து அதை எரித்துவிட்டார்கள். இன்றைக்கும் யமாஷினாவில் ஒரு பூங்காவில் அந்த மடத்தின் மண்மதில் துண்டாக நிற்கிறது. நான் போன அன்று பிள்ளைகள் அட்டையை வைத்து அதன்மேல் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அப்புறம்தான் ரென்னியோ 1496இல் குடில் போட்டிருந்த ஒசாகா மேட்டுக்குத் தலைமை மடம் வந்தது. ஆறுகள் சூழ்ந்த மேடு அது. மடத்தைச் சுற்றி ஆறு பேட்டைகள், கடைகள், கொல்லர், வணிகர், வெளியே மண்மதில், அகழி. அந்த ஊருக்குள் பல வரிகள் கிடையாது, பிரபுக்கள் திடீரென்று கடன் ரத்து அறிவித்தாலும் அது இங்கே செல்லாது. வியாபாரிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஜனங்கள் வந்து குவிந்தார்கள்.

இந்த மாதிரி மடத்து ஊர் எப்படி இருந்தது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஒசாகாவுக்குத் தெற்கே தொன்தாபயாஷிக்கு வரவேண்டும். தெருக்கள் நேராக ஓடிவந்து, சந்திப்பில் மட்டும் அரைத்தெரு அளவு விலகும். வெளியிலிருந்து வருகிறவன் தெருவின் கடைசிவரை ஒரே பார்வையில் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்தார்களாம். என் மகள் ஒரு மூலையில் நின்று கையாட்ட, நான் இந்த மூலையிலிருந்து பார்த்தேன். பாதி உடம்புதான் தெரிந்தது. அந்த ஊர் போரில் சேராமல் ஒதுங்கி நின்றது, அதனால் பிழைத்தது.

ஒசாகா ஒதுங்கவில்லை. 1570 முதல் 1580 வரை நொபுநாகாவோடு பத்து ஆண்டுப் போர். மடத்தலைவர் கென்னியோ ஊர் ஊருக்கு ஓலை அனுப்பினார். வராதவர் இனி நம் கூட்டத்தில் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. அந்த வரியைப் படிக்கும்போது எனக்கு அடிவயிறு கலங்கும். ஏழை உழவனுக்கு மறுமை ஒன்றுதான் கையிலிருந்த சொத்து, அதைக் காட்டியே அழைத்திருக்கிறார்கள். போனவர்கள் அரிசி சுமந்தார்கள், படகு ஓட்டினார்கள், துப்பாக்கி பிடித்தார்கள். எங்கள் ஊர் ஓரமாக ஓடும் கினோகாவா ஆறு கடலில் சேரும் இடத்தில் சைகா என்று ஒரு பகுதி. அங்கிருந்து போன துப்பாக்கிக்காரர்கள் நொபுநாகாவின் படையைத் தலைநிமிர விடவில்லை. 1576இல் மடத்துக்குத் துணைநின்ற மோரி பிரபுவின் நூற்றுக்கணக்கான படகுகள் முற்றுகையை உடைத்து அரிசி கொண்டுவந்து இறக்கின. இரண்டு ஆண்டு கழித்து இரும்புத் தகடு வேய்ந்த கப்பல்களை நொபுநாகா கொண்டுவந்து நிறுத்தினார், அந்த வழியும் அடைபட்டது. 1580இல் பேரரசரின் பேரில் சமாதானம் பேசி கென்னியோ வெளியேறினார். மகன் கியோன்யோ சில மாதம் பிடிவாதமாக உள்ளேயே இருந்துவிட்டுக் கிளம்பினார். அப்போது பிடித்த தீயில் ஊர் முழுக்கச் சாம்பலானது.

இந்தப் போரில் உங்கள் கட்டுரை சொல்லாமல் விட்ட ஊர் ஒன்று உண்டு. நாகோயாவுக்கு மேற்கே, ஆறுகள் கடலில் சேரும் இடத்தில் இருக்கும் தீவுக்கூட்டமான நாகாஷிமா. 1574இல் நொபுநாகா அதைச் சுற்றி வளைத்துப் பட்டினி போட்டார். சரணடைந்து படகில் வெளியேறியவர்களைச் சுட்டார்கள். கடைசியாக எஞ்சிய இரண்டு அரண்களைச் சுற்றி வேலி அடைத்து, உள்ளே இருந்த ஆண் பெண் சுமார் 20,000 பேரோடு கொளுத்தினார்கள். இதை எதிரிகள் எழுதிவைக்கவில்லை, நொபுநாகாவிடம் பணிபுரிந்தவரே அவர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஹியெய் மலையை 1571இல் எரித்ததற்கு நீங்கள் அரைப் பக்கம் ஒதுக்கினீர்கள். அங்கே அகழ்ந்து பார்த்தவர்கள், அந்தத் தீயின் தடயம் கதையில் சொல்கிற அளவுக்கு இல்லை, பல கட்டடங்கள் ஏற்கெனவே இல்லாமல் போயிருந்தன என்கிறார்கள். சாமியார்கள் பலர் அப்போது அடிவாரத்து சகாமோத்தோவில்தான் குடியிருந்தார்கள். நாகாஷிமாவின் 20,000 பேருக்கு ஒரு வரிகூட இல்லை. அவர்களை 'வெறிகொண்ட பிக்குகள்' என்ற கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. வேலிக்குள் இருந்தவர்கள் குடும்பங்கள்.

இனி எங்கள் நெகொரோஜி. இது வேறு பிரிவு, ஷிங்கோன். மதத்துக்காகத்தான் சண்டை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1577இல் நொபுநாகா சைகாவைத் தாக்கியபோது நெகொரோஜியின் ஒரு பகுதியினர் அவர் பக்கம் நின்றார்கள். பக்கத்து ஊர், நிலமும் நீரும் பகிர்ந்துகொண்டவர்கள், அதற்குள்ளேயே இரண்டு பக்கம். 1543இல் போர்ச்சுகீசியர் தானேகாஷிமா தீவுக்குக் கொண்டுவந்த திரித்துப்பாக்கி வெகு சீக்கிரத்தில் இங்கே வந்துசேர்ந்ததாகச் சொல்வார்கள். சாலை போடத் தோண்டியபோது இங்கே வரிசை வரிசையாகத் துணைமடங்களின் அடித்தளம், பாதாளக் கிடங்கு, பெரிய பானைகள் புதைத்த அறைகள் எல்லாம் வெளிவந்தன. அது கோயில் என்பதைவிட ஒரு பட்டணம்.

1585இல், நொபுநாகாவுக்குப் பின் அதிகாரத்துக்கு வந்த ஹிதெயோஷி படையோடு வந்தார். துப்பாக்கிக்காரர்களில் பெரும்பாலோர் வடக்கே இசுமிப் பக்கத்து அரண்களில் இருந்தார்கள், அங்கே தோற்றார்கள். கோயிலில் எதிர்க்க ஆளில்லை. ஒரு சில கட்டடங்களைத் தவிர எல்லாம் எரிந்தது. தப்பியவற்றில் ஒன்று பெரிய கோபுரம், தைத்தோ. சுமார் 40 மீட்டர் உயரம், மரத்தால் ஆனது. 1480 வாக்கில் தொடங்கி 1547இல்தான் முடித்தார்கள். அதன் அடிப்பாகத்தில் துப்பாக்கிக் குண்டு பட்ட குழிகள் இன்னும் இருக்கின்றன. முதல்முறை நான் அவற்றை வண்டு துளைத்தது என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். குனிந்து பார்த்தால் ஓரம் உள்நோக்கி நசுங்கியிருப்பது தெரியும். மரம் அதைச் சுற்றிக் கறுத்து வழவழப்பாகிவிட்டது. அறிவிப்புப் பலகை இருந்தும், அங்கே வரும் பாதிப்பேர் செர்ரிப் பூவைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இந்தக் கோயிலார் சுட்டுக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. சாப்பிடும் கிண்ணம், தட்டு எல்லாவற்றுக்கும் கறுப்பு அரக்குப் பூசி, மேலே சிவப்புப் பூசினார்கள். தினமும் கைபட்டுக் கைபட்டுச் சிவப்பு தேய்ந்து, அடியிலுள்ள கறுப்பு அங்கங்கே எட்டிப் பார்க்கும். அதற்கு 'நெகொரோ' என்றே பெயர். கோயில் எரிந்தபின் அரக்குக் கலைஞர்கள் நாலாபக்கமும் சிதறினார்கள், வேலை அவர்களோடு பல ஊர்களுக்குப் போனது என்பார்கள். பக்கத்து வீட்டு ஒபாச்சான் தன் மாமியார் கொடுத்த அப்படி ஒரு கிண்ணத்தில்தான் இன்றும் மிசோ சூப் குடிக்கிறார். விளிம்பில் உதடு படும் இடம் மட்டும் கறுப்பு. "கழுவிக் கழுவி வைத்தால் போதும், அலமாரியில் பூட்டினால் கெட்டுப்போகும்" என்று என் கையில் கொடுத்துக் காட்டினார். கோயிலில் இருந்த ஏதோ ஒரு சமையல்காரரும் இப்படித்தான் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்திருப்பார். அவரும் உங்கள் 'துறவிப் படை'யில் ஒருவராக இருந்திருக்கலாம்.

அதே 1585இல் ஷிங்கோன் பிரிவின் இன்னொரு பெரிய கோயிலான கோயா மலை ஆயுதங்களை ஒப்படைத்துத் தப்பியது. 1588இல் நாடு முழுக்க உழவர்களிடமிருந்து வாள், ஈட்டி, துப்பாக்கி எல்லாம் பறிமுதல். உருக்கிக் கியோட்டோவில் கட்டும் பெரிய புத்தர் கோயிலுக்கு ஆணியும் கொண்டியும் செய்யப்போகிறோம், கொடுத்தவர்களுக்கு இம்மையிலும் மறுமையிலும் நன்மை என்று ஆணையிலேயே எழுதியிருந்தார்கள்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. படத்துக்கான விளக்கத்தைத் திருத்தி வெளியிடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் உங்கள் இணைப்பை வெட்டி ஆல்பத்தில் ஒட்டுகிறார்கள், நானே அப்படி ஒட்டி வளர்ந்தவள்தான். அடுத்து, இந்தத் தொடரில் இதைப் பற்றி மறுபடி எழுதுவதாக இருந்தால், நாகாஷிமாவுக்கு ஒரு பத்தி கொடுங்கள்.

தைத்தோவின் குண்டுக் குழியை, அளவு தெரிவதற்காக மகளின் சுட்டுவிரலைத் தொடாமல் அருகில் வைத்துப் படமெடுத்திருக்கிறேன். இத்துடன் இணைத்துள்ளேன். ஒசாகாப் பூங்காவின் பைன் கட்டையையும் அடுத்த வாரம் அந்தப் பக்கம் போகும்போது எடுத்து அனுப்புகிறேன். கோட்டைக் கோபுரம் இருந்த இடத்தில் அதைப் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
இவாதே, வகாயாமா மாவட்டம், ஜப்பான்